அவுக பங்குத் தீட்டு

இந்தப் பையைக் கொஞ்சம் அங்கிட்டு நகட்டி வச்சுக்கிடலாமா தாயி? அவுக வந்தா உக்கார இடம் வேணும். எங்க வீட்டுக்காரவுக. டீ வாங்கியாறேன்னு போயிருக்காக. நீயும் திருவனந்தபுரம் விமானத்துக்குத்தான காத்திருக்க? நெனச்சேன். போன்ல பேசும்போது ‘ஏட்டி’ன்னு ஒரு வார்த்தை விட்ட பாரு, அப்பவே நம்ம பக்கத்துப் புள்ளைன்னு தெரிஞ்சு போச்சு. வள்ளியூரா? நாங்க கயத்தாறு பக்கம். ஊரைச் சுத்திக் காத்தாடியா நிக்கும், பஸ்ல போகையில பாத்திருப்ப.

எம் மகனும் காத்தாடிக் கம்பெனியிலதான் இன்ஜினியரா இருக்கான். துருக்கியில, இஸ்மிர்னு கடலோரத்துல ஒரு ஊரு. அவன் கூப்பிட்டுத்தான் போயிருந்தோம். அங்க ஏறி, இஸ்தான்புல்ல மாறி, இந்தா இங்க தோஹாவுல வந்து உக்காந்திருக்கோம். இனி ஒரே ஏத்தம், ஊரு வந்துரும்.

அழுதேனா? யாரு, நானா? இல்ல தாயி, இந்த ஏசி கண்ணுக்கு ஒத்துக்கிடல. சரி, அழுதேன்தான். உங்கிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. அவுககிட்ட சொல்லணும். இறங்குறதுக்குள்ள சொல்லியாகணும். இறங்கினா வாசல்ல அவுக தம்பி முறை செல்லையா மொட்டைத் தலையோட நிப்பான், அதைப் பாத்து அவுக தெரிஞ்சுக்கிட்டா நான் உசிரோட இருக்குறதே வேஸ்ட். உங்கிட்ட ஒருக்கச் சொல்லிப் பாத்துக்கிடுறேன். சொல்லிப் பழகிட்டா அவுககிட்ட சொல்றப்போ வாய் குழறாதுல்ல?

சின்ன மாமா செத்துப் போயிட்டாக. எம் மாமனாருக்குத் தம்பி. எங்க வீட்டுக்காரவுகளுக்குச் சின்னையா. ஆவுடையப்பன்னு பேரு. செத்து, எரிச்சு, பாலூத்தி எல்லாம் ஆச்சு. நாளைக் கழிச்சுக் கருமாதி. எனக்குத் தெரியும், அவுகளுக்குத் தெரியாது. இம்புட்டு நாளும் நான் சொல்லல.

அப்படிப் பாக்காத தாயி. வயசு தொண்ணூத்திச் சில்லறை, கல்யாணச் சாவுதான். படுத்த படுக்கையாக் கிடந்தாக. அவுகளுக்குக் கஞ்சி ஊத்தினது யாரு, பீத்துணி அலசினது யாரு? நான்தான். ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. சுளிச்சிருப்பேன், அவுக பாக்குற மாதிரி சுளிச்சதில்ல. அதனால நான் ஏதோ ஈவிரக்கம் இல்லாதவளுன்னு நெனச்சிராத.

எங்க வீட்டுக்காரவுக தாயி, கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவுக. சின்ன வயசுலயே அப்பாவைப் பறிகொடுத்தவுக. சின்ன மாமாதான் தூக்கி வளத்து, படிக்க வச்சு, வேலை வாங்கிக் குடுத்து, என்னைப் பொண்ணு பாத்துக் கட்டி வச்சதும் அவுகதான். மாமாவுக்குப் புள்ளை குட்டி கிடையாது. ‘நீதாண்டா எனக்குக் கொள்ளி’ன்னு சின்ன வயசுல இருந்தே சொல்லிச் சொல்லி வச்சிருந்தாக. இவுகளுக்கு அது ஏதோ சொத்து எழுதி வச்ச மாதிரி ஒரு பெருமை. மாமாவைச் செல்லையா வீட்டுப் பொறுப்புல விட்டுட்டு நாங்க துருக்கிக்குக் கிளம்பையில காலைத் தொட்டுக் கும்பிட்டு, ‘போயிட்டு வரட்டுமா சின்னையா’ன்னு நின்னாக. ‘போயிட்டு வாடா, நீ வராம நான் எங்க போகப் போறேன்’னாக மாமா. கறாரா சொன்னாக, சிரிக்காமத்தான். அவுக எதையும் சிரிச்சுக்கிட்டுச் சொல்ற ஆளில்ல. ஊர்ல ஒரு குஞ்சு குளுவான் அவுக பல்லைப் பாத்தது கிடையாது.

இப்ப என் பக்கத்தையும் கேளு. எங்க தெரு முச்சூடும் பங்காளி. ஒரு வீட்டுல உசிரு போச்சுன்னா தெருவுக்கே பதினாறு நாள் தீட்டு. கோயிலுக்குப் போகக்கூடாது, விசேசத்துக்குப் போகக்கூடாது, வெளியூர் பயணம் கூடாது. கல்யாணமான புதுசுல கொடைக்கானல் போக டிக்கெட் எடுத்தாச்சு. பெரிய பாட்டையா போயிட்டாரு. அடுத்து திருப்பதி. பெட்டியெல்லாம் கட்டி வாசல்ல வச்சாச்சு, எதுத்த வீட்டுல ஒப்பாரி. பெட்டியைத் திரும்ப உள்ள தூக்கி வச்சேன். அந்தப் பதினாறு முடியுறதுக்குள்ள இன்னொண்ணு. சரி, பக்கத்துல கன்னியாகுமரிக்காவது கூட்டிட்டுப் போங்கன்னா, சின்ன மாமா விறைப்பா ஒரு வார்த்தை: ‘பங்காளிக்குள்ள கேதம் நடந்த வருசத்துல உனக்கு என்னளா சுத்திப் பாக்கக் கேக்குது?’ கன்னியாகுமரி, தாயி! எங்க ஊர்ல காலையில பஸ் ஏறினா மத்தியானச் சோத்துக்குப் போயிரலாம். அதை நான் இன்னிக்கி வரைக்கும் பாத்ததில்ல. வீட்டுக்காரவுக தினம் நாகர்கோவில் வண்டியில விசிலடிச்சுக்கிட்டுப் போயிட்டு வந்தாக.

அப்படி இருந்தவ துருக்கிக்குப் போனேன்னு வையி.

ஊரைச் சுத்திப் பாத்தீங்களான்னு கேப்ப. அதெல்லாம் இல்ல. கோட்டை கொத்தளம்னு மகன் ஒரு நாள் காரை எடுத்தான், எனக்குத் தலை சுத்திப் போச்சு. எனக்குப் பிடிச்சது அந்தத் தெருதான். மேட்டுல ஒரு தெரு, மூணாவது மாடியில வீடு. லிஃப்ட் கிடையாது. அதனால அங்க எல்லா வீட்டு ஜன்னல்லயும் ஒரு கூடை கயித்துல கட்டித் தொங்கும். ரொட்டி வேணும்னா கூடையை இறக்கு, கீழ கடைக்காரர் போட்டு விடுவாரு, இழுத்துக்கோ. எனக்கு அது கிணத்துல இறைக்கிற மாதிரி. நான் என்னமா இழுக்குறேன்னு அக்கம்பக்கத்துப் பொம்பளைக வேடிக்கை பாத்தாளுக.

வாரத்துல ஒரு நாள் தெருவை அடைச்சுத் தார்ப்பாய் கட்டிச் சந்தை. கத்தரிக்காயைக் கண்டேன், வெண்டிக்காயைக் கண்டேன். பருப்புக்கீரை, தாயி! நம்ம ஊர்க் காட்டுல தானா முளைச்சுக் கிடக்குமே, அதைக் கட்டுக் கட்டா அடுக்கி வச்சு விக்காங்க. அங்க போயி அந்தக் கீரையைக் கடைஞ்சு போட்டேன். சாயங்காலம் ஆச்சுன்னா கீழ் வீட்டு நெர்மின்னு ஒருத்தி, என் வயசுதான் இருக்கும், வாசப்படியில உக்காந்து சூரியகாந்தி வித்தைக் கொறிப்பா. எங்க காட்டுல விளையுற சாமான்தான், நாங்க எண்ணெய்க்குப் போடுவோம். இவளுக கடுக்குமுடுக்குன்னு கடிச்சுத் துப்பிக்கிட்டு ஊர்க்கதை பேசுவாளுக. எனக்கு அவ பேச்சு புரியாது, அவளுக்கு எம் பேச்சு புரியாது. ஆனா அவ மருமகளைத் திட்டுறா, அது மட்டும் எனக்கு நல்லாப் புரியும். நானும் ரெண்டு வார்த்தை திட்டி வைப்பேன்.

அவுகளை நீ பாத்திருக்கணும். காலமெல்லாம் பஸ்ல நின்னுக்கிட்டே போன மனுசன்ல? அங்க எந்தப் பஸ் வந்தாலும் ஏறி ஜன்னலோரம் உக்காந்துக்கிடுவாக. எங்க போகுதுன்னு கேக்க மாட்டாக. கடைசி ஸ்டாப் வரை போயி அதே வண்டியில திரும்பி வருவோம். அப்புறம் கப்பல். கடலுக்கு அக்கரையிலயும் ஊருதான், சனங்க பஸ் மாதிரி கப்பல்ல ஏறி வேலைக்குப் போறாங்க. நாங்களும் போவோம். சின்னக் கண்ணாடி டம்ளர்ல பாலில்லாத டீ, எள்ளு ஒட்டின வளையம் மாதிரி ஒரு ரொட்டி. அதைப் பிச்சுப் போட்டாக் கடல் காக்கா பறந்துக்கிட்டே வாங்கும். அவுக அதுக்குச் சிரிப்பாக பாரு, கொக்கொக்குன்னு. அந்தச் சிரிப்பை நான் அதுக்கு முன்ன கேட்டதில்ல. கேட்டிருந்தா இம்புட்டு வருசமும் நான் வேற மாதிரி இருந்திருப்பேன்.

அப்படி ஒரு காலையிலதான் போன் வந்துச்சு.

அவுக போனை ஊர்லயே வச்சுட்டு வந்துட்டாக. மகன் நம்பர் ஊர்ல யார்கிட்டயும் கிடையாது. எதுன்னாலும் எம் போன்தான். மகன் அந்த வாரம் முழுக்க வெளியூர்ல ஏதோ காத்தாடி ஏத்துற வேலைக்குப் போயிருந்தான். நான் ஜன்னல்ல நின்னு கூடையை இறக்கிக்கிட்டு இருக்கேன். கீழ அவுகதான் நிக்காக. கடைக்காரர் போடட்டும்னா கேக்க மாட்டாக, தானே இறங்கிப் போயி ரொட்டியைப் பொறுக்கிக் கூடையில வச்சு, கண்டக்டர் மாதிரி ‘ரைட், ரைட்’ன்னு குரல் குடுப்பாக. தெருவே சிரிக்கும். ஒரு கையில கயிறு, ஒரு கையில போன். செல்லையா. அவுகளுக்கு ஒண்ணுவிட்ட தம்பி.

‘மதினி, சின்னையா போயிட்டாரு. விடியக்காலம். அண்ணன்கிட்ட போனைக் குடுங்க’ன்னான்.

எனக்கு ஒண்ணும் ஓடல. ‘அண்ணன் கீழ நிக்காக’ன்னேன்.

‘ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சு மதினி. ரெண்டு நாள் ஆனாலும் வச்சிருப்போம். அண்ணன் கைதான் படணும். நேத்து ராத்திரி கூட அவன் வந்துட்டானா வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே கிடந்தாரு.’

நான் கீழ எட்டிப் பாத்தேன். அவுக அண்ணாந்து பாத்து, ‘இழு ஏட்டி, சூடு ஆறுது! ரைட், ரைட்!’ங்காக. முகம் அப்படியே வெயில்ல மலந்து கிடக்கு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘டிக்கெட் கிடைக்காது செல்லையா’ன்னேன். கிடைச்சிருக்கும். மகனுக்கு ஒரு போன் போட்டா அன்னிக்கே ஏத்தி விட்டிருப்பான். ‘அதான் அண்ணன் சொல்லிட்டாக, நீயே கொள்ளி வச்சிருன்னு’ன்னேன். எப்படி வந்துச்சு அந்தப் பேச்சு, எனக்கே தெரியல. ‘அண்ணனா சொன்னாரு? அவரு வாயால ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க மதினி’ங்கான். ‘அழுதுக்கிட்டு இருக்காக, பேச முடியல’ன்னேன். கீழ அவுக ரொட்டிக் கடைக்காரரோட சேந்து கைகொட்டிச் சிரிச்சுக்கிட்டு இருக்காக. அந்தச் சத்தம் போன்ல கேட்டுரப் போகுதுன்னு ஜன்னலைச் சாத்திட்டேன். கயிறு கதவுல மாட்டிக்கிச்சு.

ஊர்ல இப்ப என்ன நெனைப்பாக? வளத்த மனுசன் செத்துக் கிடக்காரு, வாயில அரிசி போட வரல, வெளிநாட்டுல சொகுசா உக்காந்துக்கிட்டாருன்னு அவுகளைத்தான் பேசுவாக. என்னைப் பேச மாட்டாக. அவுக பேரைத்தானே நான் சொன்னேன்.

அவுகளுக்காகத்தான் தாயி சொன்னேன். அந்த முகத்தைப் பாத்து எப்படிச் சொல்ல? சொன்னா அன்னிக்கே மூட்டை கட்டிருவாக. காலத்துக்கும் ஓடா உழைச்ச மனுசன், இப்பத்தான் சிரிக்காரு, சிரிக்கட்டுமேன்னு. எனக்கென்ன, எனக்குக் கூடை இழுக்குறதும் ஒண்ணுதான், கிணத்துல வாளி இழுக்குறதும் ஒண்ணுதான்.

மேல வந்தாக. ‘என்னளா ஜன்னலைச் சாத்திட்ட?’ன்னாக. ‘காத்து’ன்னேன். ரொட்டி தின்னோம். சூடாத்தான் இருந்துச்சு.

அன்னிக்கு மத்தியானம், ஊர்ல எரியூட்டி முடிஞ்சிருக்கும்னு நான் கணக்குப் பண்ணிக்கிட்டு இருக்கேன், தெருவுல ஒரே கூட்டம். ஒரு வண்டியில பெரிய எண்ணெய்ச் சட்டியை வச்சு, மாவை உருட்டி உருட்டிப் போட்டு, பாகுல முக்கி, போற வர்றவங்களுக்கெல்லாம் பொட்டியில போட்டுக் குடுக்காங்க. நம்ம கருப்பட்டி மிட்டாயை உருண்டையாப் பிடிச்சா எப்படி இருக்கும், அப்படி. அவுகளும் வரிசையில நின்னு ஒரு பொட்டி வாங்கிக்கிட்டு ஓடியாறாக. நெர்மின் அவ பாசையில போன்ல பேசினா, அது இங்கிலீசுல எழுதிக் காட்டுச்சாம். அதை வச்சு எனக்கு விளக்கம் சொல்றாக.

‘ஏட்டி, இது யாரோ செத்தவரு பேருல குடுக்குறதாம். வீட்டாளுக தெருவுல நின்னு எல்லாருக்கும் இனிப்புக் குடுப்பாங்களாம். வாங்குறவன் ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டுத் திங்கணுமாம். செத்தவரு யாருன்னே தெரியாது, ஆனா தெருவுல போற டாக்சிக்காரன் கூட இறங்கி வந்து சொல்லிட்டுப் போறான். நம்மள்ல செத்தாக் கதவைப் பூட்டிக்கிட்டுல்ல உக்காருறோம்? நம்ம சின்னையா நூறு வயசு இருந்துட்டுப் போகையில கயத்தாறு பஸ் ஸ்டாண்டுல வச்சு இப்படிச் செஞ்சிரணும்’ங்காக.

சொல்லிக்கிட்டே ஒண்ணை எடுத்து எம் வாயில வச்சாக. கல்யாணமாகி இந்த மனுசன் எனக்கு ஊட்டி விட்டது கிடையாது. கண்ணை மூடிக்கிட்டு முழுங்கினேன். கசந்திருக்கணும்ல தாயி? கசக்கல. நல்லா இனிச்சுது. இன்னொண்ணு கேட்டு வாங்கித் தின்னேன்.

அப்புறந்தான் தீட்டு நெனப்பு வந்துச்சு. சாவைச் சொல்லாட்டாலும் தீட்டு தீட்டுத்தான? அது அவுகளுக்குத் தெரியுமா தெரியாதான்னு கேட்டுக்கிட்டா வருது? அதனால ஒண்ணு செஞ்சேன். அவுக பங்குத் தீட்டையும் நானே காத்துக் குடுத்துருவோம்னு முடிவு பண்ணினேன். சவரக் கத்தியை எடுத்துப் பரண்ல அரிசிச் சாக்குக்குள்ள ஒளிச்சு வச்சேன். கேதக்காரன் முகம் மழிக்கக்கூடாதுல்ல? காணோம் காணோம்னு தேடினாக, வேற வாங்குறேன்னாக. ‘தாடி உங்களுக்கு எடுப்பா இருக்கு’ன்னேன். நெர்மின் புருசனும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாரு, விட்டுட்டாக. தினம் காலையில தலைக்கு ஊத்துங்கன்னேன், இந்த ஊர் உப்புக்காத்துக்கு நல்லதுன்னு. மீன் வாங்கியாந்தா, வாடை ஒத்துக்கிடலன்னு பூனைக்குப் போட்டேன். விளக்கு ஏத்தல. நெர்மின் ஏதோ பலகாரம் தட்டுல வச்சுக் குடுத்தா. அங்கயும் தட்டை வெறுசாத் திருப்பிக் குடுக்க மாட்டாங்க, நம்மள மாதிரிதான். ஆனா தீட்டு வீட்டுப் பண்டத்தை எப்படிக் குடுக்க? கடையில பிஸ்கட்டு வாங்கி வச்சுக் குடுத்தேன். வடையை எதிர்பாத்திருப்பா போல, ஒரு மாதிரிப் பாத்தா.

இப்படி எல்லாத்தையும் ஒழுங்காக் காத்தேன். ஒரு குறை வைக்கல. அதுல எனக்கு ஒரு நிம்மதி கூட வந்துச்சு, பாத்துக்கோயேன். மறுநாள் சந்தைக்குப் போனோம், கப்பலுக்குப் போனோம். சேதி தெரியுறதுக்கு முன்ன இருந்ததை விட அப்புறந்தான் எனக்கு எல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு. டீ நல்லா இருந்துச்சு, கடல் நல்லா இருந்துச்சு. ராத்திரி எந்திரிச்சு உக்காந்து கருமாதிக்கு இன்னும் எத்தனை நாளுன்னு விரல் விட்டு எண்ணுவேன். காலையில எந்திரிச்சு ஜன்னலைத் திறந்தா மறுபடியும் நல்லா இருக்கும். இன்னும் நாலு வருசம் அந்த மாடியில இருன்னு சொன்னாலும் இருந்திருப்பேன். என்ன சென்மம் நான்!

அவுகளுக்காகத்தான்னு சொன்னேன்ல? ஆமா, அவுகளுக்காகவும்தான்.

ஒரு நாள் தெருவுல கல்யாணம் வந்துச்சு. நெர்மினுக்கு அண்ணன் மகளுக்கு. தெருவுலயே நாற்காலி போட்டு, லைட்டுக் கட்டி, நம்ம மேளம் நாயனம் மாதிரியே கொட்டும் குழலும். காலையிலேயே வந்து கூப்பிட்டுட்டா. தீட்டுக்காரன் கல்யாணத்துக்குப் போகலாமா? ஒரு சின்னப் பொண்ணு வாழ்க்கை ஆரம்பிக்குற இடம், தாயி. எனக்கு வயித்த வலி, நீங்களும் போகாதீகன்னு போத்திப் படுத்துக்கிட்டேன். ஒரு கசாயம் வச்சுக் குடுத்துட்டு, ‘கூப்பிட்டவுக வீட்டுக்கு முகத்தைக் காட்டாம இருந்தா மரியாதை இல்ல, தலையைக் காட்டிட்டு வந்துருதேன்’னு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போயிட்டாக.

ஜன்னல்ல நின்னு பாத்தேன். ஆம்பளைக கையை ரெண்டு பக்கமும் விரிச்சு மெதுவா ஆடுறாங்க, பருந்து வட்டம் போடுற மாதிரி. அவுகளையும் இழுத்து விட்டுட்டாங்க. தாடியும் வேட்டியுமா அவுக அந்தக் கூட்டத்துக்கு நடுவுல கையை விரிச்சு, முட்டியை மடக்கி மடக்கி ஆடுறாக. செத்த மனுசன் சாம்பல் கூட ஆறியிருக்காது. ஐயோன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். அடிச்சுக்கிட்டே சேலையை மாத்தினேன். கீழ போயி நானும் கைதட்டினேன். பொண்ணு எங்கிட்ட வந்து கன்னத்துல முத்தங் குடுத்தா, நான் வாங்கிக்கிட்டேன். விலகியிருக்கணும். விலகல.

அதை நெர்மின் மக போன்ல படம் பிடிச்சு எனக்கு அனுப்பி விட்டா. அங்க பிடிச்சுது சனி. ‘செல்லையாவுக்கு அனுப்பு, சின்னையாகிட்ட காட்டச் சொல்லு’ன்னு ஒரே பிடியா நின்னாக. அனுப்பிட்டேன்னேன். எப்படி அனுப்ப? கொள்ளிக்கு வராதவரு ஆடுற ஆட்டத்தைப் பாருங்கன்னா? ‘காட்டினானா, காட்டினானா?’ன்னு தினம் கேட்டாக. சிக்னல் இல்லைன்னேன், செல்லையா வேலையா இருக்கான்னேன். நானும் எம்புட்டுத்தான் சொல்ல? நேத்துப் பெட்டி கட்டிக்கிட்டு இருக்கோம், மறுபடியும் கேட்டாக. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்.

‘பாத்துட்டுச் சிரிச்சாகளாம்’னேன்.

அப்படியே கட்டில்ல உக்காந்துட்டாக. ‘சிரிச்சாரா? சின்னையாவா? நான் ஆடுறதைப் பாத்தா?’ன்னு கேட்டாக. ஆமான்னேன். ‘எம் முன்னால அந்த மனுசன் ஒருநாள் சிரிச்சதில்ல ஏட்டி. கண்டக்டர் வேலை கிடைச்ச அன்னிக்குக் கூடச் சிரிக்கல. நமக்குப் பையன் பிறந்தப்ப சிரிக்கல’ங்காக. கண்ணுல தண்ணி நிக்கு. இஸ்தான்புல் வந்து சேருற வரைக்கும் அதே பேச்சுத்தான். பக்கத்து சீட்டுல ஒரு வெள்ளைக்காரன், அவன்கிட்ட கூட இங்கிலீசுல சொன்னாக, ‘மை அங்கிள் லாஃப்டு’ன்னு. அவன் என்னத்தைக் கண்டான், தலையை ஆட்டினான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

இம்புட்டுத்தான் தாயி. கொள்ளி போனதை விட இதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது. கொள்ளியைக் கெடுத்தேன், சரி. இல்லாத ஒரு சிரிப்பை அவுக கையில குடுத்துட்டேன். இப்ப அதை நானே பிடுங்கணும். பேசாம ஒண்ணு செய்யட்டுமா? படத்தைப் பாத்துச் சிரிச்சுட்டு, அன்னிக்கு ராத்திரியே நிம்மதியாப் போயிட்டாகன்னு சொல்லிரட்டுமா? இல்ல, அதுவும் முடியாது. செல்லையா தேதியைச் சொல்லிருவான். ஊர் சொல்லிரும். நீ என்ன சொல்ற? சொல்லிரத்தான் சொல்ற, என்ன? உம் முகத்துல தெரியுது.

அந்தா வாராக. அந்தத் தாடி வச்சவுக, மூணு டம்ளரைத் தட்டுல தூக்கிக்கிட்டு. உனக்கும் சேத்து வாங்கியிருக்காக பாரு, நீ யாருன்னே தெரியாது. அங்க போயி வந்ததுல இருந்து இப்படித்தான்.

வாங்க, இங்க உக்காருங்க. இந்தப் புள்ளை வள்ளியூராம். ஆமா, நம்ம விமானம்தான். இது என்ன கையில பொட்டலம்? பேரீச்சம்பழமா? கொட்டை எடுத்ததா? யாருக்கு?

சின்ன மாமாவுக்கா.

இல்ல, மெத்துன்னுதான் இருக்கு. பல்லில்லாட்டியும் சப்பிரலாம்தான். ஆமா, நல்ல பழம்தான். தாயி, அந்தத் தட்டைக் கொஞ்சம் வாங்கிக்கோ. கொட்டிருவாக.

இங்க பாருங்க. ஒண்ணு சொல்லணும். எந்திரிக்காதீக, இன்னும் கூப்பிடல. என் முகத்தைப் பாக்காதீக, அந்தப் பக்கம் பாத்துக்கிட்டே கேளுங்க. சின்ன மாமா இல்ல. தவறிட்டாக. நாளைக் கழிச்சுக் கருமாதி. இல்ல, இப்பச் சேதி வரல. அன்னிக்கு நீங்க கீழ நின்னு ரொட்டி வச்சீக, நான் ஜன்னலைச் சாத்தினேன்ல, அப்ப வந்துச்சு. செல்லையா பெட்டியில வச்சிருந்து நீங்க வர்ற வரைக்கும் காத்திருக்கோம்னான். நீங்க வரலைன்னு சொன்னீகன்னு நான்தான் சொன்னேன். அவன்தான் கொள்ளி வச்சான். உங்களுக்காகத்தான் செஞ்சேன்னு சொல்லணும்னு வந்தேன், அது பாதிதான். எனக்கு வர மனசில்லங்க. எனக்கு அந்தத் தெருவை விட்டு வர மனசில்ல.

என்னை வையுங்க. நாலு பேரு பாத்தாப் பாக்கட்டும், கையை ஓங்கினாலும் வாங்கிக்கிடுறேன். இப்படிப் பழத்தையே பாத்துக்கிட்டு இருக்காதீக.

என்ன? கேக்கல, சத்தமாச் சொல்லுங்க.

இல்லங்க. சிரிக்கல. அவுக அதைப் பாக்கவேயில்ல.